டின் உறைக்கு என்ன பெயர் போடுவது? புதிதாக அச்சடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். டல்லஸ் பக்கம் வீட்டு கராஜில் ஒரு ஹீட் பிரஸ் (சூட்டோடு அழுத்தி அச்சடிக்கும் மெஷின்) வாங்கிப் போட்டு, கல்யாணம், பிறந்தநாள் என்று டின் உறைகள் அச்சடித்து விற்க ஆரம்பித்திருக்கிறான். "அக்கா, ஒரே ஒரு சந்தேகம். கூஸிங்கிற பெயரை இங்கிலீஷில் கே போட்டு எழுதணுமா, சி போட்டு எழுதணுமா?" என்றான். சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. தொழில் தொடங்கிய புதிதில் நானும் இதையேதான் ஊரெல்லாம் கேட்டேன். கேட்டு, சரியான பதிலையும் கண்டுபிடித்தேன். அந்தச் சரியான பதிலால் எனக்கு 1,500 டாலருக்கு மேல் போனது.

பொருள் எது என்று புரியாதவர்களுக்காக: பீர் டின், கோக் டின் மேல் மாட்டுகிற மெத்தென்ற உறை. கை ஈரமாகாது, டின்னும் சீக்கிரம் சூடாகாது. டெக்சாஸில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெண் பெயர், தேதி, கூடவே ஒரு அசட்டு ஜோக் எல்லாம் அச்சடித்து வந்தவர்கள் கையில் ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். நம் ஊர் தாம்பூலப் பை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலேஜ் ஃபுட்பால் நாட்களில் மைதானத்து பார்க்கிங்கில் நின்று பார்த்தால் முக்கால்வாசிக் கைகளில் இதுதான் இருக்கும்.

தேதியைத் தப்பாக அச்சடிப்பது, மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்தை முழுங்குவது, படத்தைத் தலைகீழாக வைத்து அழுத்துவது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை செய்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. இந்தப் பொருளை என்ன பெயர் சொல்லி விற்பது என்பதில்தான் ஆளாளுக்கு வந்து அதே பள்ளத்தில் விழுகிறார்கள், விழுந்தது தெரியாமலே கொஞ்ச நாள் கிடக்கவும் செய்கிறார்கள்.

எல்லாரும் சொல்கிற பெயரையே அச்சில் போடுவது

இங்கே பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் இதைக் கூஸி என்பார்கள். நான் அந்தச் சொல்லை முதலில் காதால்தான் கேட்டேன், எழுதிப் பார்த்ததில்லை. எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். முதல் எழுத்து கே-யா சி-யா, நடுவில் இஸட்டா எஸ்ஸா, முடிவில் ஒய்-யா அல்லது ஐ-யும் ஈ-யுமா? பெருக்கிப் பார்த்தால் எட்டு விதம். எட்டில் பாதியையாவது கடைகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். தமிழில் எழுதினால் அது வேறு கூத்து, கிரந்த எழுத்தைத் தவிர்த்துக் "கூசி" என்று எழுதினால் யாருக்கோ கை கூசுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஸ்பெல்லிங் தப்பாக இருந்தால் வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்களே என்று எனக்குப் பயம். இரண்டு நாள் உட்கார்ந்து தேடினேன். கே, இரண்டு ஓ, இஸட், ஐ, ஈ. இதுதான் சரி என்று நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். சரியான ஸ்பெல்லிங்தான், அதில் ஒரு குறையும் இல்லை. அது சரியாக இருப்பதற்குக் காரணம் அது பதிவு செய்யப்பட்ட ஒரு வணிகப் பெயர் என்பது. சி போட்டு எழுதுகிறவர்களெல்லாம் எழுத்துத் தெரியாதவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்களில் சிலராவது தெரிந்தேதான் ஒதுங்கி நடந்திருக்கிறார்கள்.

கதை இதுதான். 1980 வாக்கில் டெக்சாஸின் சான் ஆன்டோனியோவில் இருந்த ரேடியோ கேப் என்ற நிறுவனம் இந்தப் பெயரைப் பதிந்தது. பிறகு விளம்பரப் பொருட்கள் செய்யும் நார்வுட் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2009-இல் நார்வுட்டை பிக் வாங்கியது, அதே பேனா, லைட்டர், ஷேவிங் ரேசர் செய்யும் பிரெஞ்சு நிறுவனம்தான். 2017-இல் பிக் தன் வட அமெரிக்க விளம்பரப் பொருள் பிரிவை விற்றுவிட்டது. வாங்கியவர்களின் கையில் வளர்ந்த அந்த நிறுவனம் 2021-இல் தன் பெயரையே கூஸி குரூப் என்று மாற்றிக்கொண்டது. கம்பெனியின் பெயர்ப் பலகையிலேயே ஏறிவிட்ட சொல்லை, ஊரார் சொத்து என்று நினைத்து நாம் அட்டையில் அடிக்கிறோம்.

நம்மவர்களுக்கு இது சட்டென்று உறைக்காது, ஏன் என்றும் எனக்குத் தெரியும். நாம் ஜெராக்ஸ் கடைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். "இங்கு ஜெராக்ஸ் எடுக்கப்படும்" என்று போர்டு, உள்ளே போனால் வேறு ஏதோ கம்பெனி மெஷின். வனஸ்பதி எதுவானாலும் டால்டா. அந்தப் பழக்கத்தில் வந்தவளுக்கு, ஊரே சொல்லும் பெயருக்கு ஒரு உரிமையாளர் இருக்கக்கூடும் என்று எங்கே தோன்றும்?

அப்போது எனக்கு முதல் பெரிய ஆர்டர் வந்திருந்தது. கடற்கரைப் பக்கம் நாலைந்து பரிசுப் பொருள் கடைகள் வைத்திருக்கும் ஒரு வியாபாரி, 1,200 உறைகள், ஒன்று 2.75 டாலர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பிராண்ட் மாதிரி இருக்கட்டும் என்று இரண்டு வேலை செய்தேன். ஒவ்வொன்றுக்கும் மேலே தொங்கும் அட்டை, அதில் பெரிய எழுத்தில் அந்தச் சொல். அது போதாதென்று பக்கத் தையலுக்குள் வைத்துத் தைக்கிற நெய்த துணிப் பட்டி, அதிலும் அந்தச் சொல். அட்டையோடு நின்றிருந்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பட்டி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, என் சொந்தப் புத்திசாலித்தனம். இன்றைக்கும் அந்தப் பட்டியை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

சரக்கை அனுப்பி நான்காம் நாள் அந்த வியாபாரியிடமிருந்து இரண்டு வரி மெயில் வந்தது. இந்தப் பெயரைப் பயன்படுத்த உங்களிடம் அனுமதி இருக்கிறதா, இருந்தால் நகல் அனுப்புங்கள், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்புங்கள். திட்டவில்லை, மிரட்டவில்லை. அந்த மரியாதைதான் ரொம்பச் சுட்டது. அட்டை டிசைன் செய்து கொடுத்த தோழியைக் கூப்பிட்டால், "எல்லாரும் சொல்றதுதானேப்பா, இதுக்குப் போய்..." என்றாள். எல்லாரும் சொல்லலாம். பேசுகிறவர்கள் மேல் யாரும் கேஸ் போடுவதில்லை. அதே பொருளின் மேல் அந்தப் பெயரை ஒட்டி விற்றால்தான் வம்பு. இந்த ஒரு வித்தியாசத்தை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினோரு பெட்டிகளும் வீடு திரும்பின. நானும் என் வீட்டுக்காரரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகப் பட்டி வெட்டினோம். தையலைப் பிரித்தால் உறையின் பக்கமே திறந்துகொள்கிறது. ஒட்ட வெட்டினால் பிசிறு எட்டிப் பார்க்கிறது, அந்தப் பிசிறில் பாதி இஸட் தெரிகிறது. கத்தரி நழுவினால் நுரையில் ஓட்டை. 340 உறைகள் வீணாயின. மீதி 860-ஐ ஏற்றுக்கொண்டார்கள், தாமதத்துக்காக 15 சதவீதம் கழித்துக்கொண்டு. புது அட்டைக்கு 260 டாலர். கூட்டிப் பாருங்கள். தூங்காத ராத்திரிகளுக்குக் கணக்குப் போடவில்லை.

முதல் எழுத்தை மாற்றினால் தப்பித்தோம் என்று நினைப்பது

அந்தத் தம்பியும் இதைத்தான் கேட்டான், "அப்போ சி போட்டுடவா அக்கா?" என்று.

வணிக முத்திரை (டிரேட்மார்க்) விஷயத்தில் எழுத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். கண்ணுக்கு எப்படித் தெரிகிறது, காதில் எப்படி ஒலிக்கிறது, என்ன பொருள் தருகிறது என்று மூன்றையும் பார்த்து, வாங்குகிறவர் குழம்புவாரா என்று கேட்பார்கள். கே-யும் சி-யும் ஆங்கிலக் காதுக்கு இங்கே ஒன்றுதான். அமெரிக்க முத்திரை அலுவலகத்தின் தேடல் பக்கத்தில் தன்னுடைய ஸ்பெல்லிங்கை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு "யாரும் பதியலை" என்று குதிக்கிறவர்கள் நிறைய. ஒலி ஒத்தவற்றையும் தேட வேண்டும். சி போட்டு எத்தனையோ பேர் விற்கிறார்கள் என்பது உண்மைதான், அது உங்களுக்குக் கிடைத்த அனுமதி ஆகாது.

"ஊரே சொல்லுதே, பொதுச் சொல் ஆயிடாதா?" என்று அடுத்த கேள்வி வரும். ஆகும், ஆனால் நாம் சொல்லி ஆகாது, கோர்ட்டோ முத்திரை அலுவலகமோ சொல்ல வேண்டும். எஸ்கலேட்டர் ஒரு காலத்தில் ஓடிஸ் நிறுவனத்தின் முத்திரை, 1950-இல் அது பொதுச் சொல் என்று முடிவானது. நம் உறைக்குச் சித்தப்பா முறையாகும் தெர்மாஸ் பிளாஸ்க்குக்கும் அதே கதை: 1963-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பொதுச் சொல் என்று உறுதி செய்தது. அந்த வழக்கை நடத்திய அலாதின் நிறுவனம் தானே பிளாஸ்க் செய்யும் பெரிய கம்பெனி. கராஜில் ஹீட் பிரஸ் வைத்திருக்கிற நீங்களும் நானும் அந்த அளவுக்கு வழக்காடப் போகிறோமா? பெரிய ஆர்டர் என்றால் ஒரு முத்திரை வக்கீலுக்கு ஒரு மணி நேரக் காசைக் கொடுத்துக் கேளுங்கள், எனக்குப் போனதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

அப்போ என்னதான் எழுதுவது? கேன் கூலர், கேன் ஸ்லீவ். இரண்டும் பொருளை விவரிக்கிற சாதாரணச் சொற்கள். மொத்த வியாபாரிகளின் பட்டியல்களில் பெவரேஜ் இன்சுலேட்டர் என்றும் பார்ப்பீர்கள், அது ஏதோ கரண்ட் கம்பத்துச் சாமான் மாதிரி இருப்பதால் எனக்குப் பிடிப்பதில்லை. கோஸி என்பதும் அகராதிச் சொல்தான், தேநீர் ஜாடிக்கு மாட்டும் துணிக் குல்லாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர், இந்தப் பொருளுக்கே பாட்டி முறை. ஆனால் அதைக் கோஸி என்று உச்சரிக்கும்படி ஒரே ஒரு ஓ போட்டு எழுதுங்கள். கூடுதலாக ஒரு ஓ சேர்த்தால் பழைய பள்ளத்துக்கே வந்துவிடுவீர்கள்.

கோஸிக்கு எஸ்ஸா இஸட்டா

பிரிட்டனுக்கு எஸ், அமெரிக்காவுக்கு இஸட். அவ்வளவுதான்.

கூலி என்று எழுதுவது

இது எனக்குத் தொண்டையில் சிக்குகிற விஷயம். இங்கே நிறையப் பேர், அச்சுத் தொழிலில் இருக்கிறவர்களும்கூட, முத்திரைத் தொல்லை வேண்டாம் என்று "கேன் கூலி" என்று எழுதுகிறார்கள். கூல் என்பதிலிருந்து செல்லமாகக் கூலி, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்து அது நம்மவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனபோது அழைத்த அதே சொல். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போன முதல் ஆட்களோடு. தென்னாப்பிரிக்காவில் அவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் அது வசவு. டிரினிடாடிலும் கயானாவிலும் அந்தக் காயம் உண்டு. அந்த ஆங்கிலச் சொல் நம் தமிழ்க் கூலியிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி சமூகத்துப் பெயரிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கிருந்து வந்தாலும் பட்ட அடி ஒன்றுதான்.

முத்திரைச் சம்பவத்துக்கு அப்புறம் நானும் கொஞ்ச நாள் இந்தச் சொல்லை விற்பனைப் பக்கத்தின் தலைப்பிலும் கடை அட்டையிலும் போட்டுவைத்திருந்தேன், கூச்சத்தோடு சொல்கிறேன். மகனுக்குப் பிறந்தநாள் ஆர்டர் கொடுக்க வந்த ஒரு டிரினிடாட் அம்மாள், போகும்போது என் கடை அட்டையைத் திருப்பிக் காட்டி, "இதை நீயா எழுதினாய்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரியே மாற்றினேன். தமிழ் பேசுகிற நாமே அதைப் பொருள் பெயராக அச்சடித்து விற்பது எனக்குச் சகிக்கவில்லை, சட்டத்தில் எந்தத் தடையும் இல்லாவிட்டாலும்.

ஹக்கி

உறைக்கு இந்தப் பெயரைப் போட்டால் ஹக்கீஸ் என்ற குழந்தை டயப்பர் பிராண்ட் ஞாபகம் வரும். வேண்டாம். ஹக்கர் பரவாயில்லை.

வெறும் கூலர் என்று போடுவது

ஐஸ் பெட்டி வாங்க வந்தவர் ஏமாந்து, ரிவ்யூவில் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டுப் போவார். முன்னால் கேன் சேருங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கும் இதே பெயர் என்று நினைப்பது

அங்கே இதற்கு ஸ்டப்பி ஹோல்டர் என்று பெயர், ஸ்டப்பி கூலர் என்பாரும் உண்டு. ஸ்டப்பி என்பது 375 மில்லி பிடிக்கும் குட்டை பீர் பாட்டில், அதை வைத்து வந்த பெயர், டின்னுக்கும் அதையே சொல்வார்கள். கேன் ஸ்லீவ் என்று போட்டால் புரியாமல் போகாது, ஆனால் அந்தப் பெயரில் யாரும் தேட மாட்டார்கள். பன்மையில் மட்டும் சற்றுக் கவனம், ஸ்டப்பீஸ் என்பது அங்கே பிரபலமான அரைக்கால் சட்டை பிராண்ட். அவர்கள் டின் நம் அமெரிக்க 355 மில்லி டின்னைவிடக் கொஞ்சம் உயரம் என்பதால் உறைக்கு மேல் சற்று அதிகம் எட்டிப் பார்க்கும். யாரும் குறை சொன்னதில்லை.

"டின்னுக்குப் பொருந்தும்" என்று மொட்டையாக எழுதுவது

எந்த டின்? சாதாரண 12 அவுன்ஸ் டின் 66 மில்லிமீட்டர் விட்டம். ஹார்டு செல்ட்சர் (மது கலந்த சோடா) வகையறாக்கள் வருகிற ஒல்லி டின்னிலும் அதே 12 அவுன்ஸ்தான் பிடிக்கும், ஆனால் உயரமாக, ஒடுக்கமாக இருக்கும். 2019 கோடையில் அந்த செல்ட்சர் மோகம் தலைக்கேறியபோது "12 அவுன்ஸ்" என்று மட்டும் எழுதி விற்றவர்களுக்கெல்லாம், உறை தொளதொளவென்று கிடக்கிறது என்று புகார் வந்தது. எனக்கும்தான். அவுன்ஸை நம்பாதீர்கள், சாதாரண டின்னா ஒல்லி டின்னா என்று பெயரிலேயே சேருங்கள். 16 அவுன்ஸ் நெட்டை டின் இன்னொரு தனி ஜாதி.

குளிரூட்டும் என்று எழுதுவது

உறை எதையும் குளிரூட்டாது. கேன் கூலர் என்ற பெயரே ஒரு சின்னப் பொய்தான், பெயரோடு விட்டுவிடுங்கள், விளக்கத்திலும் அதையே நீட்டினால் "சூடான டின்னை உள்ளே வைத்தேன், குளிரவில்லை" என்று நிஜமாகவே ஒருவர் எழுதுவார். குளிர்ச்சி சீக்கிரம் போகாமல் பிடித்துவைக்கும், அவ்வளவே.

அது எப்படிப் பிடித்துவைக்கிறது என்பதுதான் சுவாரசியம். வெளிச் சூடு உள்ளே போகாமல் நுரை தடுக்கிறது என்பது பாதிதான். டின் வேர்த்து ஊற்றுகிறதே, அந்த வேர்வை டின்னைக் குளிர்விக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். காற்றில் இருக்கிற ஈரம் டின் மேல் தண்ணீராகும்போது தன்னிடமிருந்த வெப்பத்தை டின்னுக்குள் இறக்கிவிடுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேல் டுரான், டார்கன் ஃப்ரியர்சன் என்ற இரண்டு வானிலை விஞ்ஞானிகள் 2013-இல் இதை அளந்தே காட்டினார்கள். டின்னைச் சுற்றி வெறும் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குத் தண்ணீர் படிந்தால், உள்ளே இருக்கிற பானம் கிட்டத்தட்ட 5 டிகிரி செல்சியஸ் சூடேறும். உறை மாட்டினால் ஈரக்காற்று டின்னைத் தொடவே விடாது. அதனால்தான் அரிசோனா மாதிரிக் காய்ந்த ஊரைவிட ஹூஸ்டனில் இதன் அருமை தெரிகிறது. சென்னைக் கடற்காற்றில் கோலி சோடா பாட்டில் வேர்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இதை இரண்டு வரியில் விளக்கத்தில் எழுதிப் பாருங்கள், வாடிக்கையாளர்கள் படித்துவிட்டு எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள்.

எல்லா உறையையும் நியோப்ரீன் என்பது

கடலில் முங்குகிறவர்கள் உடுத்தும் உடை இருக்கிறதே, அந்த ரப்பர்தான் நியோப்ரீன். மலிவு உறைகளில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் நுரை மேல் பாலியெஸ்டர் துணி ஒட்டியவை. இரண்டையும் விற்கலாம், ஒன்றின் பெயரில் இன்னொன்றை விற்கக் கூடாது. இந்தப் பெயரையாவது தயங்காமல் எழுதலாம்: டுபான்ட் 1930-களில் டுப்ரீன் என்று விற்ற சரக்கு அது, அவர்களே பிறகு அந்த வணிகப் பெயரை விட்டுவிட்டு நியோப்ரீன் என்ற பொதுப் பெயருக்கு மாறினார்கள். ஒரு கம்பெனி தானாகவே பெயரைப் பொதுவில் விட்ட கதையும் உண்டு, நம் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை.

பாதி மட்டும் மாற்றிவிட்டு முடிந்தது என்று உட்காருவது

ஏற்கெனவே அந்தப் பெயரைப் போட்டுவிட்டேனே என்று பதறாதீர்கள், பொறுமையாக ஒவ்வொன்றாக எடுங்கள். தலைப்பு, விளக்கம், இதை எல்லாரும் மாற்றிவிடுவார்கள். மறப்பது வேறு இடங்களை. தேடலுக்காக ஒளித்துவைக்கும் குறிச்சொற்கள், யாருக்குத் தெரியும் என்று அதில் விட்டுவைப்பார்கள். பக்க முகவரி. பில் புத்தகம். பேக்கிங் சீட்டு. கடை போர்டு. எனக்கு எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்து, அந்தத் தம்பி மாதிரியே ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, உங்க முதல் போட்டோவில் அட்டை அப்படியே இருக்கே?" போய்ப் பார்த்தால், நான் பெருமையாக எடுத்த அந்த 1,200 சரக்கின் படம். பெரிதாக்கிப் பார்த்தால் கே-யிலிருந்து ஈ வரை ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது.